நிற்கும்போது மட்டும் நடுங்கும் இன்ஜின்

"ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. சிக்னலில் நின்றால்தான் இன்ஜின் உதறுகிறது." ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற பெட்ரோல் கார்களில் பலவும் இந்த ஒரே குறையோடுதான் வருகின்றன. அண்மையில் வந்த ஒரு காரில் இதற்காக ஆக்சிஜன் சென்சாரை ஏற்கெனவே வேறோர் இடத்தில் இருமுறை மாற்றியிருந்தார்கள். செக் இன்ஜின் விளக்கு அணையவே இல்லை. ஸ்கேனரில் தெரிந்த பிழைக் குறியீடு பி0171. கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பது அதன் பொருள்.

இந்தக் குறியீடு எந்த உதிரிப் பாகத்தையும் குற்றம் சொல்வதில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் செலவாகும் பணத்தைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். உள்ளே போகும் காற்றைக் காற்றளவு சென்சார் அளக்கிறது. அதற்கேற்ற பெட்ரோலை கம்ப்யூட்டர் தெளிக்கச் செய்கிறது. எரிந்த புகையில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து, கணக்கு சரியா தவறா என்று ஆக்சிஜன் சென்சார் சொல்கிறது. பெரும்பாலும் அது உண்மையைத்தான் சொல்கிறது. சொன்னதற்காக அதையே கழற்றி எறிகிறார்கள்.

காற்றளவு சென்சாரைத் தாண்டிய பிறகு, விரிசல் விட்ட ஹோஸ் வழியாகவோ தளர்ந்த கேஸ்கெட் வழியாகவோ காற்று நுழைந்தால் அது கணக்கில் வராது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, காற்றை உள்ளே விடும் த்ராட்டில் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சும் விசை வலுவாக இருக்கும். இன்ஜினுக்குப் போகும் மொத்தக் காற்றோ மிகக் குறைவு. அதனால் சிறிய ஓட்டை வழியே வரும் திருட்டுக் காற்றும் அங்கே பெரிய பங்காகிவிடுகிறது. வேகம் கூடும்போது மொத்தக் காற்று பல மடங்காகிறது, ஓட்டையின் பங்கு கரைந்துபோகிறது. நிற்கும்போது உதறிய இன்ஜின் ஓட்டத்தில் சாந்தமாவது இதனால்தான்.

ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் நான் பார்ப்பது ஃப்யூயல் ட்ரிம். கணக்கைச் சரிக்கட்ட கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியிருக்கிறது என்பதை அந்த எண் காட்டும். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலில் ஒருமுறை, 2,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2,500 சுற்று) ஒருமுறை குறித்துக்கொள்வேன். மேற்சொன்ன காரில் ஐடிலில் கூட்டல் 22, 2,500 ஆர்பிஎம்மில் கூட்டல் 4. காற்றுக் கசிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. ஐடிலில் சரியாக இருந்து, மேடேறும்போதும் வேகமெடுக்கும்போதும் எண் ஏறினால் நான் பெட்ரோல் பம்ப்பையும் ஃபில்டரையும் அழுக்கேறிய காற்றளவு சென்சாரையும்தான் சந்தேகிப்பேன்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாக் கார்களிலும் காற்றளவு சென்சார் இருப்பதில்லை. மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் கார்களில் கசிந்து நுழையும் காற்றும் ஓரளவு கணக்கில் வந்துவிடும். அவற்றில் ட்ரிம் பெரிதாக ஏறாமல் ஐடில் வேகம் மட்டும் உயர்ந்து நிற்கலாம்.

ஆக்சிஜன் சென்சார் ஏமாறும் இடங்களும் உண்டு. ஸ்பார்க் பிளக்கோ காயிலோ பழுதாகி ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால், அதிலுள்ள ஆக்சிஜன் அப்படியே வெளியே போகும். பெட்ரோல் குறைவு என்று சென்சார் தவறாக எடுத்துக்கொள்ளும். சென்சாருக்கு முன்னால் சைலன்ஸர் குழாயில் கசிவு இருந்தாலும் இதே கதைதான். அதனால் சிலிண்டர் எரியாமல் விட்ட மிஸ்ஃபயர் எண்ணிக்கையையும் சேர்த்தே பார்க்கிறேன். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் தயவுசெய்து ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடக்கூடும்.

கசிவைத் தேட நான் நம்புவது புகைச் சோதனை. இன்ஜினை அணைத்துவிட்டு, மேனிஃபோல்டுக்குள் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்தினால் ஓட்டை உள்ள இடத்தில் அது வெளியே வரும். ஓடும் இன்ஜின் மேல் கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சூடான எக்ஸாஸ்ட் குழாயின் அருகே அது தீப்பிடிக்கும். கண்ணெதிரே ஒருவர் அதைச் செய்யப் போனால் கையைப் பிடித்துத் தடுப்பேன்.

உங்கள் காரைக் கொண்டுவரும்போது இரண்டு செய்திகளைச் சொன்னால் தேடல் பாதியாகக் குறையும். பெட்ரோல் நிரப்பிய உடனே ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதா? அப்படியானால் டேங்கின் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் நின்றுவிட்டிருக்கலாம். பிரேக் பெடல் கல்லைப்போல் இறுகியிருக்கிறதா? இன்ஜினின் உறிஞ்சும் விசையால் நம் மிதிப்பை வலுவாக்கும் பிரேக் பூஸ்டரிலோ அதற்குப் போகும் ஹோஸிலோ கசிவு இருக்கலாம். இது ஐடில் பிரச்சினையோடு நிற்காது, வண்டி நிற்க வேண்டிய தூரத்தையே நீட்டிவிடும். அந்தக் காரை ஓட்டி வராதீர்கள், இழுத்து வரச் சொல்லுங்கள்.

இருமுறை சென்சார் மாற்றிய அந்தக் காரில் புகை கிளம்பியது, இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மீண்டும் உள்ளே அனுப்பும் பிசிவி வால்வுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் வளைவில். எண்ணெய் பட்டு ஊறி, அடிப்பக்கத்தில் மட்டும் பிளந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் புதிதுபோல்தான் தெரிந்தது. ஹோஸை மாற்றி, கம்ப்யூட்டர் கற்று வைத்திருந்த பழைய திருத்தங்களை அழித்து, சிறிது தூரம் ஓட்டிவிட்டு மீண்டும் பார்த்தேன். ஐடிலில் கூட்டல் 3. உதறல் இல்லை.

காரோடு வந்த முதல் ஆக்சிஜன் சென்சார் டிக்கியில் ஒரு துணியில் சுற்றிக் கிடந்தது. அதை மாட்டி மீட்டரில் பார்த்தேன். நல்ல சென்சாரைப் போலவே 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே சுறுசுறுப்பாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.