வயலில் கட்டாத வீடு நகரத்துக்கு இடம் மாறும் கணக்கு

வாஷிங்டன் நகரிலிருந்து வடமேற்கே கிளம்பினால், ஒரு மணி நேரத்துக்கு உள்ளாகவே பூல்ஸ்வில் என்ற சிற்றூர் வந்துவிடும். சுற்றிலும் மக்காச்சோளம், சோயா, குதிரைப் பண்ணைகள். மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி கவுண்டி இது. கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம். தலைநகரை ஒட்டிய இந்தக் கவுண்டியில் 93,000 ஏக்கர், அதாவது மொத்த நிலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, வேளாண் காப்பு நிலமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. 1980-ல் இங்கே ஏறத்தாழ 5.8 லட்சம் பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 10.6 லட்சம். இவ்வளவு பேர் வந்து சேர்ந்தும் வயல்கள் பெருமளவு தப்பியிருக்கின்றன. விவசாயத்தின் மேல் திடீர்ப் பாசம் வந்ததால் அல்ல. வீடு கட்டும் உரிமையை நிலத்திலிருந்து பிரித்து எடுத்து, வேறொரு இடத்தில் பயன்படுத்த விட்டதால்.

டிடிஆர் என்று ரியல் எஸ்டேட்காரர்கள் சொல்லும் வளர்ச்சி உரிமை மாற்றம்தான் அந்த ஏற்பாடு. ஒரு நிலத்துக்குச் சொந்தக்காரர் என்றால் ஒரே ஓர் உரிமை அல்ல, பல உரிமைகள் அவர் கையில் இருக்கின்றன: உழுவது, குத்தகைக்கு விடுவது, விற்பது, வீடு கட்டுவது. தோப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மாங்காய்க் குத்தகையை மட்டும் ஒருவருக்குக் கொடுப்பதில்லையா, அதுபோல நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வீடு கட்டும் உரிமையை மட்டும் விற்கலாம். ஒரே வித்தியாசம், குத்தகை பருவத்தோடு முடியும். இது ஒருமுறை விற்றால் விற்றதுதான்.

இந்த யோசனை முதலில் புகழ்பெற்றது வயலில் அல்ல, நியூயார்க்கின் நடுவில். கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் தலைக்கு மேல் 50 மாடிக்கும் அதிகமான கோபுரம் எழுப்ப ரயில் நிறுவனம் விரும்பியது. பாதுகாக்கப்பட்ட கட்டடம், முடியாது என்றது நகரம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-ல் நகரத்துக்குச் சாதகமாக முடிந்தது. அங்கே கட்ட முடியாத தளப்பரப்பை அக்கம்பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ள நிறுவனத்துக்கு வழி இருந்ததும் தீர்ப்பில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது.

மான்ட்கோமரிக்கு வருவோம். 1964-ம் ஆண்டிலேயே அங்கே ஒரு பொதுத் திட்டம் இருந்தது. நெடுஞ்சாலையையும் ரயிலையும் ஒட்டி நகரம் விரல்கள் போல நீளட்டும், விரல்களுக்கு நடுவில் பசுமை இருக்கட்டும் என்றது அது. வரைபடத்தில் அழகாகத்தான் இருந்தது. பசுமையைக் காக்க 1970-களில் ஒரு விதியும் போட்டார்கள்: ஊரகப் பகுதியில் 5 ஏக்கருக்கு ஒரு வீடுதான். விளைவு தலைகீழானது. ஐந்து ஏக்கர் ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு மிக அதிகம், டிராக்டர் ஓட்டிப் பிழைக்க மிகக் குறைவு. பணக்காரர்கள் ஐந்தைந்து ஏக்கராக வாங்கிப் புல்வெளி வளர்த்தார்கள். வீடுகள் குறைவு, அழிந்த வயலோ அதிகம்.

பக்கத்து வயல் மனையாகிவிட்டால் மிச்சமிருக்கும் விவசாயியின் மனசும் மாறிவிடும். நாளைக்கு நாமும் விற்கத்தானே போகிறோம் என்று களஞ்சியத்தைப் பழுது பார்க்க மாட்டார், மண்ணைத் தேற்றச் செலவு செய்ய மாட்டார். விதைக்கடையும் டிராக்டர் மெக்கானிக்கும் வாடிக்கை போதாமல் ஊரைவிட்டுக் கிளம்புவார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் சாணி நாற்றம் என்று புகார் கொடுப்பார்கள். வயல் ஒவ்வொன்றாக அழிவதில்லை, கூட்டமாக அழிகிறது.

1980-ல் கவுண்டி, அதன் திட்டக் குழுவின் அப்போதைய தலைவர் ராய்ஸ் ஹான்சனின் முனைப்பில், இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்தது. முதலாவது, கட்டும் வரம்பை 5 ஏக்கருக்கு ஒன்றிலிருந்து 25 ஏக்கருக்கு ஒன்றாகக் குறைத்தது. இது மட்டும் என்றால் விவசாயிகள் கொதித்திருப்பார்கள். நிலத்தின் மதிப்பை நம்பித்தானே வங்கிக் கடன்! அதனால் இரண்டாவது காரியம்: கட்டத்தான் 25 ஏக்கர் கணக்கு, விற்பதற்குப் பழைய 5 ஏக்கர் கணக்கே தொடரும்.

100 ஏக்கர் வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். பழைய கணக்கில் அவருக்கு 20 உரிமைகள். அவர் நிலத்தில் இனி 4 வீடுகள்தான் கட்டலாம். அப்படியானால் 16 உரிமைகளை விற்றுவிட்டு 4-ஐக் கையில் வைத்திருக்கலாம், வேண்டுமானால் 20-ஐயும் விற்றுவிடலாம். விற்ற உரிமைக்கு ஈடாக, இதில் இனி வீடு கட்டக்கூடாது என்ற நிபந்தனை நிலத்தின் பத்திரப் பதிவில் நிரந்தரமாக ஏறும். அப்புறம் நிலம் யார் கைக்குப் போனாலும் அந்த வில்லங்கம் கூடவே போகும். உழவும், அறுக்கவும், மாடு வளர்க்கவும் எந்தத் தடையும் இல்லை.

சரி, வாங்குவது யார்? நகரப் பக்கம் சில இடங்களைப் பெறும் பகுதிகள் என்று திட்டத்தில் குறித்திருப்பார்கள். அங்கே ஒரு மனையில் சாதாரணமாக 40 வீடுகள் கட்டலாம், டிடிஆர் வாங்கினால் 60 வரை போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் 20 வீட்டுக்கான உரிமையைக் கட்டுநர் விவசாயியிடம் விலை பேசி வாங்கவேண்டும். கூடுதலாக ஒரு வீடு கட்டினால் 60,000 டாலர் லாபம் நிற்கும், உரிமை 40,000-க்குக் கிடைக்கிறது என்றால் வாங்குவார். 70,000 கேட்டால் 40 வீட்டோடு நிறுத்திக்கொள்வார். விலையை அரசு நிர்ணயிப்பதில்லை, வரிப்பணமும் போவதில்லை. இந்த வழியில் மட்டும் 50,000 ஏக்கருக்கு மேல் நிரந்தர நிபந்தனைக்குள் வந்திருக்கிறது.

டிடிஆர் பற்றிய பேச்செல்லாம் பொதுவாக வயலைச் சுற்றியே நடக்கிறது. என் பார்வையில் அது ஜெயிப்பதும் தோற்பதும் நகரத்தில்தான். விற்க ஆயிரம் விவசாயிகள் தயாராக இருந்தாலும், கட்டுநருக்குக் கூடுதல் வீடு தேவைப்படாவிட்டால், அல்லது அது இலவசமாகவே கிடைத்துவிட்டால், உரிமைக்கு ஐந்து காசு பெறாது. அமெரிக்காவில் டிடிஆர் சட்டம் போட்டும் சந்தையே உருவாகாத ஊர்கள் ஏராளம். கவுன்சிலைக் கேட்டாலே வீட்டு எண்ணிக்கையைக் கூட்டிக் கொடுக்கிறார்கள் என்றால், காசு கொடுத்து வாங்க யாருக்கு என்ன தலையெழுத்து? மான்ட்கோமரியிலேயே இந்தப் போட்டி உண்டு. 1974-ம் ஆண்டுச் சட்டப்படி குறைந்த விலை வீடுகளைச் சேர்த்துக் கட்டுபவருக்கு வீட்டு எண்ணிக்கையில் போனஸ் கிடைக்கும். நல்ல நோக்கம்தான், ஆனால் டிடிஆரின் தேவையை அது கடிக்கிறது. நியூ ஜெர்சியின் பைன் காட்டுப் பகுதியில் விலை அடியோடு சரியாமல் இருக்க 1985-ல் உரிமைகளை வாங்கி விற்கும் ஒரு வங்கியையே அரசு தொடங்கவேண்டி வந்தது.

பெறும் பகுதியில் ஏற்கெனவே வசிப்பவர்களும் இருக்கிறார்கள். எங்கோ ஒரு சோள வயலைக் காக்க எங்கள் தெருவில் ஏன் நெரிசல் என்பது அவர்கள் கேள்வி, அதில் நியாயமும் இருக்கிறது. மான்ட்கோமரியில் குடியிருப்போர் சங்கம் ஒன்று வழக்குப் போட்டது. எங்கே எத்தனை வீடு என்பதைத் திட்ட ஆவணத்தில் எழுதினால் போதாது, நிலப் பயன்பாட்டுச் சட்டமான மண்டல விதியிலேயே சொல்லவேண்டும் என்று 1987-ல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கவுண்டி விதியைத் திருத்தித் திட்டத்தைத் தொடர்ந்தது.

இந்தக் கேள்வியைச் சரியாக யோசிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மும்பை இருக்கிறது. 1991 விதிகளில் டிடிஆர் வந்தது. அங்கே நோக்கம் வயல் அல்ல, சாலைக்கும் பூங்காவுக்கும் ஒதுக்கிய நிலத்தை ரொக்கம் கொடுக்காமல் பெறுவது. பின்னர் குடிசை மறுவாழ்வும் சேர்ந்தது. தீவு நகரம் எனப்படும் தென் மும்பையில் பிறந்த உரிமையை அந்த விதிகளின்படி அங்கே பயன்படுத்த முடியாமல் இருந்தது, வடக்கே புறநகரில்தான் பயன்படுத்தவேண்டியிருந்தது. மாடிகள் அங்கே போய்க் குவிந்தன, சாலையும் சாக்கடையும் பழைய அளவிலேயே நின்றன. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளிலும் டிடிஆருக்கு இடம் உண்டு. அதே விதிகளில் அரசுக்குக் கட்டணம் செலுத்திப் பிரீமியம் எஃப்எஸ்ஐ, அதாவது வரம்புக்கு மேல் கூடுதல் தளப்பரப்பு, வாங்கும் வழியும் இருப்பதால், டிடிஆரின் விலை அந்தக் கட்டணத்தைத் தாண்டி ஏறுவது கடினம்.

மான்ட்கோமரியின் கணக்கிலும் ஓட்டைகள் உண்டு. விவசாயி கடைசிவரை கையில் வைத்திருக்கும் அந்த 25 ஏக்கருக்கு ஒரு வீட்டு உரிமைதான் விலை அதிகமானது, ஏனென்றால் அதை வைத்து அங்கேயே மாளிகை கட்டலாம். மற்ற டிடிஆர் விலைக்கு அதை யாரும் விற்க மாட்டார்கள். அதனால் அதை மட்டும் நல்ல விலைக்கு வாங்கி முடக்கத் தனித் திட்டம் கொண்டுவந்தார்கள். இன்னொன்று, டிடிஆர் தடுப்பது வீடுகளை மட்டும். வயலில் சோலார் பலகைகள் பரப்பலாமா என்று பெரிய சண்டை நடந்து, நல்ல விளைமண்ணைத் தவிர்த்துக் கடும் நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம் என்று 2021-ல் கவுண்டி முடிவெடுத்தது. சூரிய மின்சாரம் வேண்டும் என்பவர்களும் வயல் வேண்டும் என்பவர்களும் அங்கே பெரும்பாலும் ஒரே சுற்றுச்சூழல் முகாமைச் சேர்ந்தவர்கள். அந்தச் சண்டையை உரிமை விற்பனையால் தீர்க்க முடியவில்லை.