டேஷ் கமராவில் விளக்கு எரிகிறது, பதிவு இருக்கிறதா?

கந்தளாய்ப் பக்கம் ஒரு லொறி காரை உரசிவிட்டு நிற்காமல் போகிறது. காரை ஓரங்கட்டி, முன்கண்ணாடியில் ஒட்டிப் பாதையைப் பதிவு செய்யும் டேஷ் கமராவின் மெமரி கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டால், கடைசிக் கோப்பு நாலு மாதத்துக்கு முந்தியது. இத்தனை நாளும் கமராவின் சின்ன விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. திருகோணமலைக் கார்களில் அடிக்கடி காணும் குறை இதுதான். காரணத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றில் வந்து நிற்கும்: வெயில், கார்ட், மின் இணைப்பு. கமராவின் விலையோ பெட்டியில் அச்சிட்ட '4கே' என்ற எழுத்தோ அதற்குப் பிறகுதான். ஆகவே கையில் உள்ள காசு முழுவதையும் கமராவிலேயே போட்டுவிடாதீர்கள். நல்ல கார்டுக்கும் ஒழுங்கான வயரிங்குக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு என்ன கமரா வருமோ அதை வாங்குங்கள்.

வெயிலில் இருந்து தொடங்குவோம். கச்சான் காற்றுக் காலத்தில் உட்துறைமுக வீதியிலோ நிலாவெளிக் கடற்கரையிலோ கண்ணாடி மூடி நிறுத்திய காருக்குள் காற்றே 60 பாகை செல்சியஸை நெருங்கும். நேர்வெயில் விழும் டேஷ்போர்டின் மேற்பரப்பு 80 பாகை வரை போகலாம். கண்ணாடியோடு ஒட்டிய கறுப்புப் பெட்டியின் நிலையைச் சொல்லவே வேண்டாம். லிதியம் பற்றரியை 45 பாகைக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது என்பது பொதுவான வரம்பு. நாம் செய்வதோ நேர்மாறு: வெந்து கிடக்கும் காரில் ஏறி ஸ்டார்ட் செய்கிறோம், அந்தச் சூட்டிலேயே கமராவுக்குள் இருக்கும் பற்றரிக்குச் சார்ஜ் ஏறத் தொடங்குகிறது. சில மாதங்களில் பற்றரி ஊதி, பின்மூடி பிதுங்கும். அந்தப் பற்றரியின் வேலையே, கார் நின்றதும் ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை ஒழுங்காக மூடி வைப்பதுதான். அது செத்துப்போனால் ஒவ்வொரு பயணத்தின் கடைசிக் கோப்பும் திறக்காது. விபத்தில் மின்சாரம் அறுந்தால் போகப்போவதும் அதே கடைசிக் கோப்புத்தான்.

எனவே எங்கள் ஊருக்கு பற்றரிக்குப் பதில் சூப்பர் கப்பாசிற்றர் உள்ள கமராதான் சரி. அது சில வினாடிக்கான மின்சாரத்தை மட்டும் வைத்திருக்கும், 65–70 பாகையைத் தாங்கும், ஊதாது. வியோஃபோ ஏ119 வி3, டிடிபாய் என்3 போன்றவற்றில் கப்பாசிற்றர் இருக்கிறது. பரவலாக விற்கும் 70மாய் ஏ500எஸ் நல்ல படம் தரும், ஆனால் உள்ளே இருப்பது லிதியம் பற்றரி. கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "பற்றரியா, கப்பாசிற்றரா?" என்பதே. கடைக்காரர் முழித்தால் பெட்டியின் விவரப் பட்டியலைப் பாருங்கள். அதில் பற்றரி என்ற வரிக்கு நேரே எம்ஏஎச் (mAh) அளவு போட்டிருந்தால் லிதியம்.

வெள்ளித்தாள் மறைப்புப் போடுபவர்கள் கவனிக்க: கமராவுக்குப் பின்னால் மறைப்பை விரித்தால், கண்ணாடிக்கும் மறைப்புக்கும் நடுவில் கமரா அடுப்பில் வைத்தது போலாகும். கழற்றக்கூடிய தாங்கியென்றால் கமராவைக் கழற்றி உள்ளே வையுங்கள். இல்லாவிட்டால் மறைப்பைச் சற்று வெட்டி, கண்ணாடிக்கும் கமராவுக்கும் இடையில் வரும்படி செருகுங்கள்.

இனிப் படத் தெளிவு. '4கே' என்றால் ஒரு படத்துக்கு 80 இலட்சம் புள்ளிகள் (பிக்சல்) வேண்டும். மலிவுக் கமராக்கள் பலவற்றில் இருக்கும் ஜிசி2053, சோனி ஐஎம்எக்ஸ்307 ஆகிய சென்சர்கள் (படம் பிடிக்கும் சில்லுகள்) 20 இலட்சம் புள்ளி மட்டுமே தருபவை. மிச்சத்தை மென்பொருள் இழுத்து நிரப்புகிறது. கோப்பு பெரிதாகும், இலக்கத்தகடு தெளியாது. சென்சரின் பெயரே எழுதாத '4கே' கமராவை அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள்.

இலக்கத்தகடு தெரியுமா என்பதை வாங்கும் முன்பே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இடமிருந்து வலமாக 130 பாகை பார்க்கும் (கிடைக்கோணம்) 1080பி கமராவில், அதாவது படத்தின் அகலத்துக்கு 1,920 புள்ளி உள்ளதில், ஒரு பாகைக்கு ஏறத்தாழ 15 புள்ளி. அரை மீட்டர் அகலமான தகடு 10 மீட்டர் தூரத்தில் 3 பாகைக்கும் சற்றுக் குறைவு, அதாவது 42 புள்ளி. ஏழு எழுத்தும் எண்ணும் என்றால் ஒன்றுக்கு 6 புள்ளி. கண்ணைச் சுருக்கி ஊகிக்கலாம், அவ்வளவுதான். அகலத்துக்கு 2,560 புள்ளி உள்ள 1440பி என்றால் 8 புள்ளி, ஓரளவு வாசிக்கலாம். அதே தகடு 5 மீட்டருக்குள் வந்துவிட்டால் இரண்டிலும் படிக்கலாம். எனவே 170 பாகை என்று பெருமையடிக்கும் கமரா இலக்கத்தகட்டுக்கு நல்லதல்ல; அகலம் கூடக்கூட ஒவ்வொரு பாகைக்கும் கிடைக்கும் புள்ளி குறையும். பெட்டியில் போடும் கோணம் பெரும்பாலும் மூலைவிட்டக் கோணம், கிடைக்கோணம் அதைவிடக் குறைவு என்பதும் நினைவிருக்கட்டும்.

இரவில் இந்தக் கணக்கும் உதவாது. வெளிச்சம் போதாமல் கமரா ஒவ்வொரு படத்துக்கும் வினாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வரும் வாகனம் அதற்குள் அரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். தகடு முழுவதும் கோடாக இழுபடும். விலை கூடிய கமராவும் இதில் பெரிதாக வெல்வதில்லை. ஹபரணை–கந்தளாய் காட்டுப் பாதையில் யானை ஏறியதையும், பின்விளக்கு இல்லாமல் போன லேண்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தையும், பாதை நடுவே படுத்த மாட்டையும் கமரா காட்டும். யார் எந்தப் பக்கம் வந்தார் என்பதைக் காட்டும். தப்பியோடியவரின் இலக்கத்தை இரவில் எடுத்துத் தரும் என்று நம்பி வாங்காதீர்கள். ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தால், கண்ட இலக்கத்தை உடனே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். எந்த சென்சரையும் விட அது பயன்படும்.

அடுத்தது மெமரி கார்ட். செல்போனில் இருந்து கழற்றிய பழைய கார்டைப் போடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் பிழை. வினாடிக்கு 16 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் கமரா ஒரு மணி நேரத்துக்கு 7.2 ஜிபி எழுதும். 64 ஜிபி கார்ட் 9 மணி நேரத்துக்குள் நிரம்பி, பழையதை அழித்து மறுபடி எழுதத் தொடங்கும். முன்னும் பின்னும் இரு கமரா சேர்ந்து 24 மெகாபிட் என்றால் 6 மணி நேரம்கூட வராது. கொழும்புக்கு ஒரு பயணம் போய்ச் சேர்வதற்குள் புறப்பட்ட இடம் அழிந்திருக்கும். இரட்டைக் கமராவுக்கு 128 ஜிபி போடுங்கள்.

கார்டில் 'ஹை என்டூரன்ஸ்' என்று எழுதியிருக்க வேண்டும். திரும்பத் திரும்ப எழுதுவதற்கென்றே செய்தவை அவை. சான்டிஸ்க் ஹை என்டூரன்ஸ் 64 ஜிபி கார்டுக்கு 5,000 மணி நேரம், 128 ஜிபிக்கு 10,000 மணி நேரம் என்று நிறுவனம் கணக்குச் சொல்கிறது. நாளுக்கு 8 மணி நேரம் ஹயருக்கு ஓடும் வானில் 5,000 மணி என்பது இரண்டு வருடம்கூட இல்லை. கார் நிற்கும்போதும் 24 மணி நேரமும் முழுப்பதிவு ஓட விட்டால் ஏழு மாதம். போலிக் கார்டும் நிறையப் புழங்குகிறது. வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் கார்டை முழுவதும் எழுதி வாசித்துப் பாருங்கள். 128 என்று விற்றது உண்மையில் 16 என்றால் அங்கேயே அகப்படும். பிறகு கமராவிலேயே ஃபோர்மட் செய்யுங்கள், கணினியில் அல்ல. அதை மாதம் ஒருமுறை செய்யும்போது, அன்றைய கோப்பு ஒன்றை ஓடவிட்டும் பாருங்கள். விளக்கு எரிவதை நம்பி ஏமாறாமலிருக்க வேறு வழி இல்லை.

பூட்டும் இடம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எங்களது வலப்பக்க ஸ்டியரிங் என்பதால், பின்னால் பார்க்கும் நடுக் கண்ணாடிக்குப் பின்னால் சற்று இடப்பக்கம், வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் வையுங்கள். ஜப்பான் கார்களில் தானியங்கி பிரேக்குக்கான சென்சர் அங்கே இருந்தால் அதன் பார்வையை மறைக்கக்கூடாது. கண்ணாடி மேல்விளிம்பின் கறுப்புப் புள்ளிகள் மீது பசை நில்லாது. உட்புறக் கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, காலை இளஞ்சூட்டில் ஒட்டி, ஒரு நாள் கழித்துக் கமராவை மாட்டுங்கள். ரப்பர் உறிஞ்சி வகையை இங்கே வாங்கவே வேண்டாம். முதல் வெயிலிலேயே விழும். படத்தில் அடிவானம் நடுவில் வரட்டும். வானம் அதிகம் தெரிந்தால் கமரா வெளிச்சத்தைக் குறைக்கும், பாதை இருண்டுவிடும்.

வயரிங்கில்தான் ஆபத்து இருக்கிறது. கேபிளைக் கூரை ஓரத்தில் செருகி, இடப்பக்க முன்தூணின் வழியே இறக்குவது வழக்கம். அந்தத் தூணில் ஏர்பேக் என்ற எழுத்து இருந்தால் உள்ளே திரை ஏர்பேக் சுருண்டிருக்கிறது. அதன் குறுக்கே கேபிளை இழுத்தால் விரியும் வழி அடைபடும், கேபிளும் கமராவும் முகத்தில் அடிக்கலாம். மூடியைப் பிளாஸ்டிக் நெம்பியால் கழற்றி, ஏர்பேக்கின் பின்புறமாகக் கேபிளை விட்டு, ஏற்கெனவே இருக்கும் வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இதைச் செய்யத் தெரியாத இடத்தில் காரைக் கொடுக்காதீர்கள். மூடியைக் கழற்றாமல் ஐந்து நிமிடத்தில் கேபிளைத் திணித்து முடிப்பவரைக் கண்டால் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எளிய வழி சிகரெட் லைட்டர் சொக்கெற்தான். கமராவோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். கைபேசிக் கேபிளை நீட்டிப் போட்டால் என்ன நடக்கும்? மெல்லிய 28 கேஜ் வயர் மீட்டருக்கு 0.21 ஓம். 3.5 மீட்டர் போய் 3.5 மீட்டர் திரும்பினால் 1.5 ஓம். ஒரு அம்பியர் ஓடினால் 5 வோல்ற்றில் 1.5 வோல்ற் வழியிலேயே கரைந்துவிடும். கமரா அணைந்து அணைந்து எரியும், கார்டும் கெடும். 'கமரா பழுது' என்று தூக்கிப் போட்டவற்றுள் எத்தனையோ வெறும் கேபிள் பழுதுதான். ரேடியோவின் யூஎஸ்பியில் செருகுவதும் வேண்டாம்; சில கமராக்கள் கணினி என்று நினைத்துப் பதிவையே தொடங்கா.

பியூஸ் பெட்டியில் இருந்து எடுப்பதானால், அதற்கென்றே விற்கும் ஹார்ட்வயர் கிட்டில் மூன்று வயர் வரும்: சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வருவதற்கு ஒன்று, எப்போதும் வருவதற்கு ஒன்று, பொடிக்கு (காரின் உலோக உடலுக்கு) ஒன்று. நிறத்தை நம்பாமல் தாளில் பார்த்து இணையுங்கள். பியூஸ் இடத்தில் செருகி மின்சாரத்தைப் பிரித்தெடுக்கும் பியூஸ் டாப் வாங்கும்போது பழைய பியூஸைக் கையோடு கொண்டுபோங்கள். அளவில் மூன்று நாலு வகை உண்டு, தவறியதைத் திணித்தால் பெட்டியின் பற்கள் அகன்று பிறகு அசல் பியூஸும் ஆடும். லைட்டர், ரேடியோ பியூஸ்களில் எடுக்கலாம். ஏர்பேக், ஏபிஎஸ், இயந்திரக் கணினி ஆகியவற்றின் பியூஸில் கை வைக்கவே கூடாது. கமராப் பக்கத்துக்கு 2 அல்லது 3 அம்பியர் பியூஸ் போதும்.

நிற்கும்போதும் பதிவு வேண்டுமா? கமரா 12 வோல்ற்றில் 0.3 அம்பியர் இழுத்தால் நாளுக்கு 7 அம்பியர்-மணி. சிறிய காரின் 35 அம்பியர்-மணி பற்றரி இரண்டரை நாளில் பாதியாகும். ஹைபிரிட் கார்களின் 12 வோல்ற் பற்றரியும் சிறியதுதான், மாற்றினால் விலையும் கூட. கட்டாயம் வேண்டுமென்றால் பற்றரி இறங்கினால் கமராவை நிறுத்தும் கிட்டின் துண்டிப்பை 12.2 வோல்ற்றுக்குக் கீழே வைக்காதீர்கள். வீட்டு முற்றத்தில் நிற்கும் காருக்கு இது வீண்செலவு என்பதே எங்கள் கருத்து.

அமைப்புகளில் நேரமண்டலம் +5:30, மின்குமிழ் மினுக்கத்துக்கு 50 ஹெர்ட்ஸ், ஒரு கோப்பு 1 அல்லது 3 நிமிடம். அதிர்வு உணரியைக் குறைந்த அளவில் வையுங்கள். கூட வைத்தால் ஒவ்வொரு குழியிலும் கோப்பு பூட்டுப்பட்டு, பூட்டிய கோப்புகளால் கார்ட் நிரம்பிப் பதிவு நின்றுவிடும். முதலில் சொன்ன அந்த நாலு மாதக் கதைக்கு இதுவும் ஒரு காரணம். கமராவின் வைஃபையோடு வரும் 12345678 போன்ற கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். கோட்டை வாசல், டொக்யார்ட், சீனக்குடா விமானப்படைத் தளம் போன்ற இடங்களில் நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்தக் கூடியதாக, பதிவை நிறுத்தும் பொத்தான் எது என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

விபத்து நடந்தால் முதலில் ஆளைப் பாருங்கள்: அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119. பிறகு கமராவின் பூட்டுப் பொத்தானை அழுத்தி, மின்சாரத்தை நிறுத்தி, விளக்கு அணைந்து சில வினாடி கழித்துக் கார்டை எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கையில் பிடுங்கினால் வேண்டிய கோப்பே கெடும். 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சியம் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி இத்தகைய பதிவு நீதிமன்றத்தில் ஏற்கப்படலாம். ஆனால் அது திருத்தப்படாததாகவும் பாதுகாப்பாக வைக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். ஆகவே அந்தக் கார்டை உறையில் போட்டு வைத்துவிட்டு, கமராவில் வேறு கார்ட் போடுங்கள். காப்புறுதிக்காரருக்குக் கொடுப்பது பிரதி மட்டும். அந்தப் பிரதியையும் வட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், இருந்த 8 புள்ளியும் போய்விடும். ஆவணக் கோப்பாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் நேரே கொண்டுபோய்க் கொடுங்கள்.