ஒட்டிக்கொள்ளும் உலோகம்: டைட்டானியம் மடக்குக்கத்தியின் பூட்டு

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நண்பர், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தன் மடக்குக்கத்தியால் மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்கி முடித்து, கத்தியைத் துடைத்து, மடக்கப் போனார். மடங்கவில்லை. பூட்டைக் கட்டைவிரலால் தள்ளினார். நகம் வெளுத்ததே தவிர, பூட்டு அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் ‘க்ரிக்’ என்ற சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. “முப்பதாயிரம் ரூபாய்க் கத்தி, மழைக்கால ஜன்னல் மாதிரி இறுகிக்கொள்கிறது” என்று முணுமுணுத்தவர், மகளின் டப்பாவிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார். பூட்டின் முனையில் நாலைந்து முறை அழுத்திக் கிறுக்கினார். அடுத்த முறை சத்தமே வரவில்லை.

பென்சில் என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால், டைட்டானியம் என்ற உலோகத்தின் சுபாவத்தையே சொல்ல வேண்டும். இந்த வகைக் கத்தியை வைத்திருப்பவர்கள் வழக்கமாகப் பேசுவதை நினைத்துப் பாருங்கள். பூட்டு ஒட்டுகிறது, கையில் சில்லிடவில்லை, தொட்டாலே கீறல் விழுகிறது, பழகப் பழக வழவழப்பாகிறது, இந்த விலை நியாயமா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பாராட்டும் புகாரும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

இந்தப் பேச்சில் தவறாமல் அடிபடும் பெயர் செபென்சா. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கிறிஸ் ரீவ் என்ற கத்திக் கைவினைஞர் 1987-இல் உருவாக்கிய வடிவம் அது. ஜூலு மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘வேலை’ என்று பொருள். 1989-இல் அவர் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். இன்றும் அங்கே பாய்சி நகரில்தான் செபென்சா தயாராகிறது. இப்போதைய வடிவமான செபென்சா 31-இன் பெரிய அளவு, 9 செ.மீ.க்குச் சற்று அதிகமான அலகுடன் (வெட்டும் பகுதி) 133 கிராம் எடை. விலை 400 டாலருக்கு மேல். தோற்றத்தில் ஒரு பகட்டும் கிடையாது. சாம்பல் நிறத்தில் இரண்டு தகடுகள், நடுவே ஓர் அலகு, அவ்வளவுதான். இதற்கா இத்தனை விலை என்று முதன்முறை பார்ப்பவர்கள் கேட்பதில் வியப்பில்லை.

இதற்கு முன்பே ஒரு பூட்டு புழக்கத்தில் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கர் செம்மைப்படுத்திய முறை அது. கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் மெல்லிய உள்தகடு ஒன்று, அலகு முழுவதும் திறந்ததும் அதன் பின்னால் நழுவி வந்து நின்றுகொள்ளும். உள்தகடு எதற்கு, கைப்பிடியையே பூட்டாக்கிவிட்டால் என்ன என்று யோசித்தார் ரீவ். ஒரு பக்கத் தகட்டில் நீளவாக்கில் ஒரு வெட்டு. அதன் முனையில் குறுக்கே ஒரு வெட்டு. இப்போது அந்தத் தகட்டின் ஒரு பகுதி, ஒரு முனை மட்டும் ஒட்டியிருக்கும் நாக்கைப் போல ஆகிவிடுகிறது. அந்த நாக்கை உள்பக்கமாகச் சற்று வளைத்துவிட்டால் வேலை முடிந்தது. அலகு திறந்தவுடன், விடுபட்ட நாக்கு உள்ளே பாய்ந்து அலகின் அடிப்பாகத்துக்கு முட்டுக் கொடுக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், கத்தியைப் பிடித்திருக்கும் கையே பூட்டுக்குக் காவலாகிவிடுவது. விரல்கள் கைப்பிடியைச் சுற்றி இறுகும்போது நாக்கும் சேர்ந்து உள்ளே அழுத்தப்படுகிறது. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க, பூட்டு விலகும் வாய்ப்பு குறைகிறது.

சரி, அந்த நாக்குக்கு ஏன் டைட்டானியம்? பூட்டு விலகாமல் இருக்கக் கைப்பிடித் தகடு தடிமனாக இருக்க வேண்டும். வில்லைப் போல வளைந்து திரும்பவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே தகட்டிடம் கேட்பது கடினம். 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த டைட்டானியக் கலவைதான் இங்கே வழக்கம். எஃகோடு ஒப்பிட்டால் இதன் விறைப்பு ஏறக்குறைய பாதி. அதாவது, அதே அளவு வளைக்கப் பாதி விசை போதும். ஆனால் நிரந்தரமாகக் கோணிப்போகாமல் தாங்கும் வலிமையில் இது நல்ல எஃகுகளோடு போட்டி போடும். நம் வீட்டு எவர்சில்வர் கரண்டியின் காம்பை வளைத்தால் கொஞ்சத்திலேயே வளைந்தபடி நின்றுவிடுகிறது. டைட்டானியம் அதைப்போலப் பல மடங்கு வளைந்த பிறகும் பழைய இடத்துக்கே திரும்பும். எடையோ எஃகின் எடையில் பாதியைவிடச் சற்றே அதிகம்.

அப்படியும் முழுத் தடிமனில் நாக்கு வளையாது. அதனால் அதன் வேர்ப்பகுதியில் சிறிது தூரத்துக்குத் தகட்டைச் சுரண்டி மெலிதாக்குகிறார்கள். விறைப்பு தடிமனின் மும்மடிக்கு, அதாவது தடிமனை அதனாலேயே மூன்று முறை பெருக்கி வரும் எண்ணுக்கு ஏற்ப மாறும். 3.5 மி.மீ. தகட்டை ஓரிடத்தில் 1.2 மி.மீ. ஆக்கினால், அங்கே விறைப்பு கிட்டத்தட்ட 25-இல் ஒரு பங்காகிவிடும். இத்தகைய கத்தி கையில் கிடைத்தால் நாக்கின் வேரைத் தடவிப் பாருங்கள். உள்ளேயோ வெளியேயோ ஒரு பள்ளம் இருக்கும், அதுதான் வில்.

இனி ‘க்ரிக்’ சத்தத்துக்கு வருவோம். நாக்கின் முனையும் அலகின் அடிப்பாகமும் சந்திக்கும் முகம் செங்குத்தாக இருக்காது, லேசாகச் சாய்ந்திருக்கும். ஏழெட்டு டிகிரிச் சாய்வு பரவலாகக் கையாளப்படுகிறது. கதவு ஆடாமலிருக்க அடியில் செருகும் ஆப்பைப் போலத்தான் நாக்கு வேலை செய்கிறது: உள்ளே போகப் போக இறுக்கம் கூடும். யாராவது அலகை மூடும் பக்கம் அழுத்தினால் அந்த விசையில் ஒரு சிறு பங்கு, சாய்வின் காரணமாக, நாக்கை வந்த வழியே வெளியே தள்ளப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது உராய்வு.

கணக்கு எளிது. சாய்வுக் கோணத்தின் ‘டேன்’ மதிப்பைவிட, இரு பரப்புகள் எவ்வளவு உராய்கின்றன என்று சொல்லும் எண்ணான உராய்வுக் குணகம் அதிகமாக இருந்தால், எவ்வளவு அழுத்தினாலும் ஆப்பு நழுவாது. எட்டு டிகிரிக்கு டேன் மதிப்பு 0.14. எண்ணெயில்லாத டைட்டானியமும் எஃகும் உரசும்போது உராய்வுக் குணகம் 0.3-ஐ ஒட்டி இருக்கும். ஆகவே பூட்டு நிற்கிறது. சாய்வு மிகவும் அதிகமானால் நாக்கு நழுவி விரலை வெட்டும். மிகவும் குறைந்தால், உள்ளே போனது வெளியே வராது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள ஒடுக்கமான சந்துக்குள் கத்தி செய்பவர் நின்றாக வேண்டும். அங்கே அரை டிகிரி பிசகுவதும் கட்டைவிரலுக்குத் தெரியும். காசு கொடுப்பது எதற்கு என்று கேட்டால், முதலில் இதைத்தான் சொல்வேன்.

நிலைமையைச் சிக்கலாக்குவது டைட்டானியத்தின் ஒட்டும் குணம். காற்றுப் பட்டவுடன் அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடுப் படலம் படிந்துவிடும். கடல்நீரிலும் அது அரிக்கப்படாமல் இருப்பது இந்தப் படலத்தின் தயவால்தான். ஆனால் அழுத்தத்தோடு தேய்த்தால் படலம் கிழிகிறது. அடியில் இருக்கும் வெறும் உலோகம் எதிரில் கிடைத்ததைப் பற்றிக்கொள்கிறது. நுண்ணிய புள்ளிகளில் இரண்டும் ஒன்றோடொன்று பற்றவைத்தாற்போல் ஆகிவிடுகின்றன. அந்தப் புள்ளிகள் பிய்ந்து பிரியும் ஓசைதான் நம் நண்பர் கேட்டது. பென்சில் கரி இரு உலோகங்களுக்கும் நடுவே வழுக்கும் படலமாகப் படிந்து, அவை நேருக்கு நேர் தொடுவதைத் தடுக்கிறது. சில நாளில் கரி தேய்ந்து போய்விடும். அதற்குள் மேடுகள் நசுங்கி இரு முகங்களும் பழகிக்கொண்டால் தொல்லை தீர்ந்தது. இதே வேலைக்குக் கெட்டியான கிரீஸைப் பூசுவது மட்டும் நல்ல யோசனை அல்ல. உராய்வுதான் பூட்டு, அதைக் குறைப்பதும் பூட்டைக் குறைப்பதும் ஒன்று. பென்சிலையும் அளவோடு வைத்துக்கொள்வது நல்லது.

தயாரிப்பாளர்கள் வேறு வழிகளையும் வைத்திருக்கிறார்கள். நாக்கின் முனையில் மின்தீப்பொறியால் டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளைப் படிய வைப்பது ஒன்று. முனையில் தனியாக எஃகுத் துண்டு பொருத்துவது இன்னொன்று. செபென்சா 31-இல் நாக்கின் முனையில் ஒரு பீங்கான் குண்டு பதித்திருக்கிறார்கள். பீங்கான் உலோகத்தோடு ஒட்டாது, எளிதில் தேயாது. அலகு மூடியிருக்கும்போது அதே குண்டு அலகிலுள்ள சிறு குழியில் அமர்ந்து, சட்டைப்பையில் கத்தி தானாகத் திறந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. முந்தைய செபென்சா 21-ஐ வைத்திருப்பவர்களில் சிலருக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. முகத்தோடு முகம் பொருந்தி நிற்கும் பூட்டில்தான் கைவேலை தெரியும் என்பது அவர்கள் கட்சி. அழகைப் பொறுத்தவரை அவர்களோடு உடன்படுவேன். ஆனால் ஈரக் கையோடு பூட்டைத் தள்ளிப் போராடியவர்கள் குண்டின் பக்கமே நிற்பார்கள்.

நாக்கு எத்தனை சதவீதம் உள்ளே வருகிறது என்பது உரிமையாளர்களிடையே ஓயாத விவாதம். ஆப்பு என்பதால், தேயத் தேய நாக்கு தானாகவே இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து இடைவெளியை நிரப்பும். புதுக் கத்தியில் நாக்கு அலகின் பாதி அகலத்துக்கு வந்து நின்றால், எதிர்காலத் தேய்மானத்துக்கு மீதிப் பாதி இருப்பில் இருக்கிறது என்று பொருள். மறு ஓரத்தைத் தொட்டுவிட்டால்தான் கவலை. வாங்கிய வாரத்தில் சதவீதம் கொஞ்சம் கூடினால் பதறத் தேவையில்லை. மேடுகள் நசுங்குகின்றன, அவ்வளவே.

கீறல் புகாருக்கும் இதே போன்ற பதில்தான். மணல் பீய்ச்சி மங்கலாக்கிய பரப்பு என்பது நுண்ணிய மலைத்தொடர். சாவிக்கொத்து உரசினால் உச்சிகள் மழுங்கி, ஒளியை ஒரே திசையில் திருப்பும் பளபளப்பான கோடு உண்டாகிறது. நத்தை ஊர்ந்த தடம்போல இருக்கும். பார்க்கப் பெரிய கீறலாகத் தெரிந்தாலும் பள்ளம் அநேகமாக இருக்காது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் ஒரே திசையில் தேய்த்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

கையில் சில்லிடாததற்குக் காரணம், டைட்டானியம் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவது. அதே வெப்பநிலையிலுள்ள அலுமினியம் நம் விரலிலிருந்து இதைவிட வேகமாகச் சூட்டை உறிஞ்சும். குளிர்நாட்டு உரிமையாளர்கள் இந்தக் குணத்தை மெச்சுகிறார்கள். பட்டறையில் இருப்பவர்கள் இதையே சபிக்கிறார்கள். வெட்டும்போது உண்டாகும் சூடு உலோகத்துக்குள் பரவாமல் வெட்டுளியின் முனையிலேயே தங்கி, முனையைத் தின்றுவிடுகிறது. விலையில் ஒரு பங்கு இப்படித் தேய்ந்த உளிகளுக்கானது.

இன்னொரு பங்கு, உலோகத்தைப் பிரித்தெடுக்கும் சிரமத்துக்கு. டைட்டானியம் அரிதானது அல்ல; புவியோட்டில் மிகுதியாக உள்ள தனிமங்களில் ஒன்பதாவது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கருமணலில் இருக்கும் இல்மனைட்டே அதன் தாது. ஆனால் ஆக்சிஜனை அது விடாப்பிடியாகப் பற்றியிருக்கும். குளோரினோடு சேர்த்து டெட்ராகுளோரைடாக்கி, ஆர்கான் சூழலில் மெக்னீசியத்தோடு வினைபுரிய வைத்தால்தான் கடற்பஞ்சு போன்ற உலோகம் கிடைக்கும். கேரளத்தின் சவறையில் 2011 முதல் இந்த முறையில் டைட்டானியப் பஞ்சு தயாராகிறது. பூட்டில் கட்டைவிரலைப் படுத்தும் அதே ஒட்டும் புத்திதான் ஆலையிலும் செலவு வைக்கிறது.

அந்த ஆக்சைடுப் படலத்தை வைத்தே விளையாடுபவர்களும் உண்டு. மூன்று 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து, சமையல் சோடா கரைத்த நீரில் கைப்பிடித் தகட்டை நேர்முனையாகத் தொங்கவிட்டால், சில நொடிகளில் சாம்பல் நிறம் நீலமாகும். சாயம் ஏதும் இல்லை. படலம் ஐம்பது நானோமீட்டர் அளவுக்குத் தடித்து, மழைநீரில் மிதக்கும் டீசல் போல ஒளியைப் பிரித்துக் காட்டுகிறது. இரண்டு பேட்டரியோடு நிறுத்தினால் ஊதா சாயல் வரும். நண்பரும் சென்ற மாதம் துணிந்து நீலமாக்கிவிட்டார். படம் அனுப்பியிருந்தார். எல்லா இடமும் நீலம். பூட்டைத் தள்ளக் கட்டைவிரல் படும் ஓரிடத்தில் மட்டும் அதற்குள்ளாகவே பழைய சாம்பல் எட்டிப் பார்க்கிறது.