பச்சை அட்டை கையில் இருந்தால் பயிற்சி முடிந்துவிட்டதா?

மலேசியாவின் பினாங்கில் பாயான் லெப்பாசிலோ பத்து காவானிலோ எந்தக் கட்டுமானத் தளத்திற்கு வேலைக்குப் போனாலும், வாசலில் முதலில் கேட்கப்படுவது கட்டுமானத் தொழிலாளர் பதிவுக்கான பச்சை அட்டை. அதைக் காட்டியதும் தலைக்கவசம் ஒன்றைக் கையில் கொடுத்து உள்ளே அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு எதையாவது கேட்டால், “அட்டைதான் இருக்கிறதே, உனக்கு இன்னும் என்ன பயிற்சி?” என்பது பல மேற்பார்வையாளர்களின் பதில். தொழிலாளர்களும் அதை நம்பிவிடுகிறார்கள். இது தவறு. பச்சை அட்டை ஒரு சட்டத்தின் கீழ் வருவது. தளத்தில் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சி வேறொரு சட்டத்தின் கீழ் வருவது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க யாருக்கும் உரிமை இல்லை.

முதலில் அட்டை. 1994ஆம் ஆண்டின் 520ஆம் சட்டத்தின்படி அமைக்கப்பட்டது மலேசியக் கட்டுமானத் தொழில்துறை மேம்பாட்டு வாரியம். எல்லாரும் சி.ஐ.டி.பி. என்றுதான் சொல்கிறோம். கட்டுமானத் தளத்தில் வேலை செய்பவர் உள்நாட்டவராக இருந்தாலும் தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவராக இருந்தாலும் இந்த வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். சித்தாள், கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் அடிப்பவர், வயர்மேன், மேற்பார்வையாளர், தள மேலாளர் என எவருக்கும் விலக்கு இல்லை. பதியாமல் வேலை செய்வதும் குற்றம், பதியாதவரை வேலைக்கு வைப்பதும் குற்றம். பதிவுக்கு அடையாளமாகத் தரப்படுவதே அந்த அட்டை. இப்போது அதற்குக் கட்டுமானப் பணியாளர் அட்டை என்று பெயர் மாறியிருக்கிறது, ஆனால் பேச்சில் அது பச்சை அட்டையாகவே இருக்கிறது.

பதிவதற்கு முன் பாதுகாப்பு, சுகாதார அறிமுக வகுப்பு ஒன்றில் உட்கார வேண்டும். ஒரே நாள் வகுப்பு. உயரத்திலிருந்து விழுதல், மேலிருந்து பொருள் விழுதல், மின்சாரம், பள்ளம் தோண்டும்போது மண் சரிதல், இயந்திரங்களுக்கு அருகில் நிற்பது போன்ற ஆபத்துகளைச் சொல்வார்கள். தலைக்கவசம், பாதுகாப்புக் காலணி, இடுப்பிலும் தோளிலும் கட்டும் பாதுகாப்பு வார் ஆகியவற்றை எப்படி அணிவது என்று காட்டுவார்கள். இருமுறை கேட்கக் கூச்சப்படாதீர்கள். பாதுகாப்பு வாரின் கொக்கியை எங்கே மாட்ட வேண்டும், எங்கே மாட்டக் கூடாது என்பதை உங்கள் கையால் ஒருமுறை மாட்டிப் பார்க்காமல் அந்த அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

வகுப்புக்குப் பெயர் கொடுக்கும்போதே எந்த மொழியில் நடக்கும் என்று கேளுங்கள். புரியாத மொழியில் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து எழுந்து வந்தால் அட்டை கிடைக்கும், உயிருக்குக் காவல் கிடைக்காது. தமிழில் சொல்லக் கூடியவர் இல்லையென்றால், மலாய் தெரிந்த நண்பர் ஒருவருடன் ஒரே வகுப்பில் சேர முயலுங்கள். வகுப்பில் உட்காராமலே பணம் கொடுத்து அட்டை வாங்கித் தருகிறேன் என்று எந்த முகவர் சொன்னாலும் விலகிவிடுங்கள். அட்டை உண்மையா என்பதை வாரியத்தின் கணினிப் பதிவில் சரிபார்க்க முடியும். போலி அட்டையுடன் பிடிபட்டால் முகவர் உங்கள் பக்கத்தில் நிற்கமாட்டார்.

வெளிநாட்டவர் பதிவுக்குக் கடப்பிதழும் வேலை பெர்மிட்டும் வேண்டும். கடப்பிதழை முதலாளி வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார் என்று பலர் சொல்கிறார்கள். 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டத்தின்படி, அடுத்தவர் கடப்பிதழைச் சட்டப்பூர்வமான காரணமின்றி வைத்திருப்பது குற்றம். அட்டையில் காலாவதித் தேதி இருக்கும், அது முடிவதற்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள்.

இனி இரண்டாவது சட்டம். அதிகம் பேசப்படாதது இதுதான். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், எண் 514. இதன் 15ஆம் பிரிவு, தொழிலாளியின் பாதுகாப்பை நடைமுறைக்கு இயன்றவரை உறுதிசெய்வது முதலாளியின் கடமை என்கிறது. அந்தக் கடமைக்குள் தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை ஆகிய நான்கும் அடங்கும். ஒரு நாள் வகுப்பில் எல்லாத் தளங்களுக்கும் பொதுவானதைத்தான் சொல்ல முடியும். உங்கள் தளத்தில் கிரேன் எந்தப் பக்கம் சுற்றுகிறது, எந்த மாடியின் ஓரத்தில் இன்னும் தடுப்பு போடவில்லை, எந்தச் சாரம் ஏறத் தகுந்தது என்று சோதித்துக் குறிச்சீட்டு மாட்டப்பட்டிருக்கிறது, மழை பெய்தால் எந்தச் சரிவின் கீழ் நிற்கக் கூடாது என்பவற்றை அந்தத் தளத்தை நடத்துபவர்தான் சொல்ல வேண்டும். முதல் நாளில் சொல்ல வேண்டும், வேலை மாறும்போது மறுபடியும் சொல்ல வேண்டும். கீழே பூச்சு வேலை செய்துகொண்டிருந்தவரை ஆள் குறைவு என்று ஒரு காலையில் பத்தாவது மாடிச் சாரத்தில் ஏற்றினால், அவரிடம் அட்டை இருப்பது அந்த வேலைக்குப் பயிற்சி கொடுத்ததாக ஆகாது.

2017 அக்டோபர் 21ஆம் தேதி பினாங்கின் தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில் ஒரு கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். மேலே இருக்கும் சரிவு நிலையானதா இல்லையா என்பது தொழிலாளி பார்த்து முடிவு செய்யும் விஷயம் அல்ல. தலைக்கவசமும் காலணியும் அதற்குப் பதில் ஆகாது. 514ஆம் சட்டத்துக்கு 2022இல் செய்யப்பட்டு 2024 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தம், ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிடுவதை முதலாளிகளின் கடமையாகத் தெளிவாக எழுதியிருக்கிறது. 15ஆம் பிரிவின் கடமையை மீறும் முதலாளிக்கான அபராதத்தின் உச்சவரம்பு 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. சிறைத் தண்டனையும் உண்டு.

பினாங்கில் நம்மவர்கள் பெரும்பாலோர் துணைக் குத்தகையாளரிடம் வேலை செய்கிறார்கள். சம்பளம் கொடுப்பவர் ஒருவர், தளத்தில் உத்தரவு போடுபவர் இன்னொருவர். “உன் முதலாளியிடம் போய்க் கேள்” என்று தலைமைக் குத்தகையாளர் தட்டிக்கழிப்பது வழக்கம். திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 18அ பிரிவு அந்த வழியை அடைத்திருக்கிறது. தம் உத்தரவின் கீழ் வேலை செய்யும் துணைக் குத்தகையாளரின் ஆட்களுக்கும் தலைமைக் குத்தகையாளர் பொறுப்பு.

பணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 514ஆம் சட்டத்தின் கீழ் முதலாளி செய்ய வேண்டிய எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 26ஆம் பிரிவு கூறுகிறது. தளத்துப் பயிற்சி, அந்த வேலைக்குத் தேவையான தலைக்கவசம், பாதுகாப்பு வார் ஆகியவற்றின் விலையை உங்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது. பச்சை அட்டைக்கான வகுப்புக் கட்டணம் 520ஆம் சட்டத்தைச் சேர்ந்தது என்பதால், அதை யார் கட்டுவது என்று வேலைக்குச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாமல் சம்பளத்தில் பிடித்தால் தொழிலாளர் இலாகாவிடம் போகலாம். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்பதை 24ஆம் பிரிவில் வரையறுத்திருக்கிறது.

இந்தத் திருத்தத்தில் தொழிலாளிக்குக் கிடைத்த மிகப் பெரிய உரிமை 26அ பிரிவு என்பது என் எண்ணம். உயிருக்கோ உடலுக்கோ கடும் ஆபத்து உடனே நேரக்கூடும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, அதை முதலாளியிடமோ அவர் சார்பில் நிற்பவரிடமோ சொல்லியும் அவர் ஒன்றும் செய்யவில்லை என்றால், நீங்கள் அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக உங்களைத் தண்டிக்கக் கூடாது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் சொல்ல வேண்டும், பிறகு விலக வேண்டும். சொன்னதற்குச் சான்று இருக்கட்டும். மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படமும் ஒரு வரியும் அனுப்பினால் போதும். தடுப்பு இல்லாத ஓரம், ஆடும் சாரம், முட்டுக் கொடுக்காத பள்ளம் என எதுவானாலும் இடத்தின் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள்.

பெர்மிட் முதலாளியின் கையில் இருக்கும்போது இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று கேட்பது நியாயமே. ஆபத்து பற்றிப் புகார் சொன்னதற்காக வேலைநீக்கம் செய்வதை 27ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனாலும் தனியாகப் போகாதீர்கள். ஒரே குழுவில் வேலை செய்யும் நாலைந்து பேர் சேர்ந்து சொல்லுங்கள். 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், அதில் தொழிலாளர் சார்பில் இருப்பவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அடிபட்டுவிட்டால், தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ இருக்கிறது. சட்டப்படி வேலைக்கு எடுக்கப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019 ஜனவரி 1 முதல் வேலையிட விபத்துப் பாதுகாப்பு உண்டு. அதற்கான சந்தாவை முதலாளியே கட்டுகிறார். விபத்தை அறிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். மருத்துவ விடுப்பு குறைந்தது நான்கு நாள் இருந்தால், சராசரி நாள் ஊதியத்தில் 80 விழுக்காடு தற்காலிக இயலாமைத் தொகையாகக் கிடைக்கும். “கிளினிக்கில் வீட்டில் விழுந்ததாகச் சொல்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஒரு பொய் பிறகு எல்லா உரிமையையும் பறித்துவிடும். எங்கே, எப்படி, எத்தனை மணிக்கு விழுந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் உள்ளபடி சொல்லி, அது சீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

தளத்தின் ஆபத்து பற்றிய புகார் மனிதவள அமைச்சின் கீழ் உள்ள வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்குப் போக வேண்டும். ஜே.கே.கே.பி. என்று கேட்டால் எவரும் வழி சொல்வார்கள், பினாங்கிலும் அதற்குக் கிளை இருக்கிறது. தளத்தின் முகவரி, வேலிப் பலகையில் எழுதியிருக்கும் தலைமைக் குத்தகையாளரின் பெயர், ஆபத்து எந்த மாடியில் எந்தப் பக்கத்தில், எந்தத் தேதியில் யாரிடம் சொன்னீர்கள், நீங்கள் எடுத்த படங்கள் ஆகியவற்றைப் புகாரில் சேருங்கள். மலாயில் எழுத வராவிட்டால் எழுதத் தெரிந்த ஒருவரின் உதவியோடு எழுதி அனுப்புங்கள், ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.