கட்டளை வரிக் கருவியின் வெளியீட்டை வாசிக்கப்போவது யார்?

கட்டளை வரிக் கருவி (கட்டளையைத் தட்டச்சு செய்து இயக்கும் நிரல்) எழுதுபவர்கள் வண்ணத்துக்கும் அழகான பத்திகளுக்கும் தரும் கவனத்தை, அந்த வெளியீட்டை யார் வாசிக்கப்போகிறார்கள் என்ற கேள்விக்குத் தருவதில்லை. திரைக்கு முன்னால் மனிதர் இருக்கலாம். ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்கு உள்ளீடாக அனுப்பும் பைப்பின் மறுமுனையில் இன்னொரு நிரல் காத்திருக்கலாம். நேற்றுவரை ஓடிய ஸ்கிரிப்ட் (கட்டளைகளைத் தொகுத்த சிறு நிரல்) இன்று திடீரென்று நிற்பதற்கு, இந்த இருவரையும் ஒருவராகக் கருதியதே பெரும்பாலும் காரணம் என்பதை என் வேலையில் தொடர்ந்து பார்க்கிறேன்.

நிரல்மூலத்தின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியில், மாறிய கோப்புகளைப் பட்டியலிடும் ஸ்டேட்டஸ் கட்டளையைப் பாருங்கள். அதற்கு 'ஷார்ட்', 'போர்சிலின்' என்று இரண்டு தெரிவுகள் உண்டு. அச்சாகும் வரிகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஷார்ட், பயனர் வைத்திருக்கும் வண்ண அமைப்பைப் பின்பற்றும். கோப்புப் பாதையைத் தற்போதைய கோப்புறையிலிருந்து தொடங்கிக் காட்டும் அமைப்பையும் பின்பற்றும். போர்சிலின் இவ்விரண்டையும் பொருட்படுத்தாது. பதிப்பு மாறினாலும் அதன் வடிவம் மாறாது என்று கையேடு வாக்களிக்கிறது. கூடுதல் விவரம் தேவைப்பட்டபோது பழைய வடிவத்தில் கைவைக்காமல், 2016இல் வெளிவந்த 2.11 பதிப்பில் இரண்டாவது வடிவம் ஒன்றைத் தனியாகச் சேர்த்தார்கள். நான் மிகவும் மதிக்கும் முடிவு இது.

அங்கும் ஒரு குறை உண்டு. தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்கள் அதை உடனே உணர்வார்கள். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'அ' மூன்று பைட்டுகள். கிட் இயல்பாக அந்த எழுத்தை அச்சிடாமல் 340, 256, 205 என்ற எட்டடிமான எண்களாக, ஒவ்வொன்றின் முன்னும் பின்சாய்கோடு இட்டுக் காட்டும். இப்படிக் காட்டச் செய்யும் 'குவோட்பாத்' (core.quotePath) அமைப்பை அணைத்தால் தமிழ் தெரியும்; மனிதருக்கு அது போதும். நிரலுக்குப் போதாது, ஏனெனில் அந்த அமைப்பு கணினிக்குக் கணினி வேறுபடும். ஸ்டேட்டஸ் கட்டளைக்கு 'இசட்' (-z) தெரிவைக் கொடுத்தால் பெயர்கள் உள்ளபடியே வரும். ஒவ்வொன்றின் முடிவிலும் சுழிய பைட் (மதிப்பு சுழியமான பைட்) இருக்கும். யூனிக்ஸில் கோப்புப் பெயருக்குள் வரிமுறிவுகூட வரலாம், சுழிய பைட் வர முடியாது. ஆகவே பிரிப்பானாக நம்பத்தக்கது அதுதான்.

வண்ணத்துக்குத் தானியங்கி, எப்போதும், ஒருபோதும் இல்லை என மூன்று நிலைகள் போதும். வெளியீடு முனையத்துக்கு (கட்டளைத் திரைக்கு) போகாதபோது தானியங்கி நிலை வண்ணத்தை நிறுத்திவிட வேண்டும். முன்னேற்றச் செய்திகளையும் எச்சரிக்கைகளையும் முக்கிய வெளியீட்டிலிருந்து தனியாக ஓடும் பிழை ஓடைக்கு (stderr) அனுப்புங்கள். நிரல்கள் வாசிக்கும் தரவு வடிவமான ஜேசானுக்கு நடுவே ஒரு எச்சரிக்கை வரி புகுந்தால் மொத்தமும் பயனற்றுப் போகும். ஜேசானில் புதிய புலம் சேர்க்கலாம், இருக்கும் புலத்தின் பெயரை மாற்றாதீர்கள். நிலையான வடிவம் தர இயலாவிட்டால் டெபியன், உபுண்டு போன்றவற்றில் மென்பொருளை நிறுவும் ஆப்ட் கருவி செய்வதைப் போல வெளிப்படையாகச் சொல்லுங்கள்: அதன் வெளியீட்டைப் பைப்பில் அனுப்பினால், தன் இடைமுகம் நிலையானதல்ல, ஸ்கிரிப்டில் கவனமாகப் பயன்படுத்துங்கள் என்று அதுவே எச்சரிக்கிறது.

அடுத்த பதிப்பை வெளியிடும் முன் உங்கள் சோதனைக் கோப்புறையில் தமிழ்ப் பெயர், இடைவெளி உள்ள பெயர், வரிமுறிவு உள்ள பெயர் ஆகிய மூன்றையும் வையுங்கள். வெளியீட்டைப் பைப்பில் அனுப்பி, மறுமுனையில் மூன்று பெயர்களும் அப்படியே வந்து சேர்கின்றனவா என்று பாருங்கள்.