ரெஸ்பான்சிபிலிட்டில எங்க அழுத்தணும்? வால்ல பாருங்க

சுங்கை சிப்புட் எஸ்டேட் பக்கம் ஆறாம் படிவம் படிக்கிற பிள்ளைங்க மியூவெட்ங்கிற மலேசியப் பல்கலைக்கழக இங்கிலீஷ் தேர்வோட ஸ்பீக்கிங் டெஸ்டுக்குத் தயாராகும்போது, ‘ரெஸ்பான்சிபிலிட்டி’ மாதிரி நீளமான சொல்லு வந்துச்சுன்னா எல்லாத்தையும் ஒரே அளவுல தட்டித் தட்டிச் சொல்லுவாங்க. தமிழுக்கும் மலாய்க்கும் அது சரி, அழுத்துற இடம் மாறினாலும் அர்த்தம் மாறாது. இங்கிலீஷ்ல மாறும்: ‘ரெக்கார்ட்’ல முன்னாடி அழுத்தினா பெயர்ச்சொல், பின்னாடி அழுத்தினா வினைச்சொல்.

முதல்ல சொல்ல உடைக்கணும். தாடைக்கு அடியில கைய வச்சுக்கிட்டு மெதுவா சொல்லுங்க, ரி-ஸ்பான்-ஸ-பி-ல-டி, லேசாவாவது ஆறு தடவ இறங்கும், ஏன்னா ஒவ்வொரு சிலபிளுக்கும், அதாவது ஒவ்வொரு ஒலித்துண்டுக்கும், நடுவுல ஒரு உயிரொலி இருக்கு. எழுத்து எத்தனைங்கிறது கணக்கில்ல, ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ இங்கிலீஷ்ல ஒன்பது எழுத்து ஆனா ஒரே சிலபிள்தான். (யாப்புல படிச்ச அசைக் கணக்கு வேற, ‘பல’ங்கிறது அங்க ஒரே நிரையசை, இங்க ரெண்டு சிலபிள்.)

இப்ப அழுத்தம். இதுக்குச் சொல்லோட வால்தான் சாவி. ‘இட்டி’ன்னு முடிஞ்சா அதுக்கு முந்தின சிலபிள்ல அழுத்தம் விழும், அதாவது கடைசியிலேருந்து மூணாவது, அதனால இங்க ‘பி’. ‘எலெக்ட்ரிக்’ல ‘லெக்’ல இருந்த அழுத்தம் ‘எலெக்ட்ரிசிட்டி’ ஆனதும் ‘ட்ரி’க்கு நகர்ந்துடும். ‘ஷன்’ வந்தாலும் அதுக்கு முன்னாடிதான், ‘பிளான்டேஷன்’ல ‘டே’. இதெல்லாம் லத்தீன், பிரெஞ்சு வழியா வந்த வால்ங்க, 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்தப் பிடிச்ச பிறகு இந்த மாதிரிச் சொல்லு நிறைய உள்ள வந்துச்சு. இங்கிலீஷோட சொந்த வாலான ‘னஸ்’ எதையும் நகர்த்தாது, ‘ஹேப்பி’க்கும் ‘ஹேப்பினஸ்’க்கும் அழுத்தம் ‘ஹே’லயேதான்.

அழுத்தம்னா சத்தமாக் கத்துறது இல்ல. அந்த சிலபிள் கொஞ்சம் நீளும், குரலோட சுருதி மாறும், உயிரொலி முழுசாத் தெளிவா வரும். நம்ம சொல்லுல ‘ஸ்பான்’லயும் ஒரு சின்ன அழுத்தம் இருக்கு, டிக்‌ஷனரியில பெரிய அழுத்தத்துக்கு முன்னாடி மேல ஒரு குட்டிக் கோடு, சின்னதுக்கு முன்னாடி கீழ ஒரு கோடு போட்டிருப்பாங்க.

மத்தது எல்லாம் மங்கிப் போகணும், இதத்தான் நம்ம பிள்ளைங்க விட்டுடுறாங்க! ‘ஸ’வும் ‘ல’வும் முழு ‘ஆ’ இல்ல, ‘ஈ’யும் இல்ல, மலாய்ல ‘பெசார்’னு சொல்றப்ப முதல்ல வருதே அந்த மங்கலான ‘எ பெப்பெட்’, கிட்டத்தட்ட அதே ஒலி. இங்கிலீஷ்ல ரொம்ப அதிகமா வர்ற உயிரொலியே அதுதான், நம்ம பிள்ளைங்க வாயில தெனம் பொழங்குறதுதானே, புதுசாக் கத்துக்க வேண்டியதே இல்ல.

‘பாலிடிக்ஸ்’, ‘அரித்மெட்டிக்’ மாதிரி சிலது மட்டும் முரண்டு பிடிக்கும், ‘இக்’குக்கு முன்னாடி அழுத்தம் வரணும், இதுல வராது. அதுக்கு டிக்‌ஷனரியில அந்தக் கோட்டப் பாத்துக்கிட்டாப் போதும்.