ஃபாசெட்: தமிழில் பட்டையா, முகமா?

தகவலறிவியல் பேராசிரியர்கள் சிலருடைய அறிமுகக் குறிப்பில், ஆய்வு ஆர்வங்கள் என்ற இடத்தில் 'ஃபாசெட்' என்ற சொல் தலைகாட்டும். பொருள் எளிதுதான். ஆன்லைனில் சட்டை வாங்கும்போது ஓரத்தில் விலை, நிறம், அளவு என்று டிக் அடிக்கச் சொல்கிறதே, அதில் ஒவ்வொன்றும் ஒரு ஃபாசெட். நீலத்தை முதலில் தொட்டாலும் சரி, 40 அளவை முதலில் தொட்டாலும் சரி, கடைசியில் அதே சட்டைகள்தான் வந்து நிற்கும்.

பிரெஞ்சில் ஃபாஸ் என்றால் முகம், ஃபாசெத் என்றால் சின்ன முகம். வைரத்தைத் தேய்க்கும்போது விழும் சின்னச் சின்னத் தளங்களுக்கு அந்தப் பெயர்.

இந்த ஃபாசெட் யோசனையை நூலகவியலில் நிலைநிறுத்தியவர் பெயரிலேயே சீர்காழியைச் சுமந்த எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் போன இடத்தில், செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ பொம்மைப் பெட்டியைப் பார்த்தார். அதே துண்டுகள், அதே நட்டு போல்ட்டு, ஆனால் பூட்டுகிற விதத்தில் வேறு வேறு பொம்மை. புத்தகத்தின் பொருளையும் இப்படிப் பூட்டலாமே என்று தோன்றியதில் பிறந்ததுதான், புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுக்கும் முறையாக 1933இல் வெளிவந்த கோலன் வகைப்பாடு. எக்ஸ்-ரே வைத்து நுரையீரல் காசநோயைக் குணப்படுத்துவது பற்றி 1950இல் இந்தியாவில் நடந்த ஆராய்ச்சி என்று ஒரு புத்தகம் இருந்தால், மற்ற முறைகளில் அதை எந்த அலமாரியில் செருகுவது என்று தலையைச் சொறிய வேண்டும். இவரோ மருத்துவம், நுரையீரல், காசநோய், சிகிச்சை, எக்ஸ்-ரே, ஆராய்ச்சி, இந்தியா, 1950 என்று வரிசையாகக் கோத்து, நடுவில் காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி போட்டு ஒரே எண்ணாக்கிவிடுவார். அந்த முக்காற்புள்ளிதான் கோலன்.

அப்புறம் 2000களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டி ஹெர்ஸ்ட், ஃபிளமெங்கோ என்ற திட்டத்தில் இதே யோசனையை வைத்துக் ஓவியம் போன்ற கலைப்படைப்புகளின் படத் தொகுப்புகளில் தேட வழி செய்தார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கூறு' என்கிறார்கள், எனக்கு ஒட்டவில்லை. கூறு என்றால் வெட்டி எடுத்த துண்டு. நுரையீரல் என்பது அந்தப் புத்தகத்தின் துண்டு இல்லை, முழுப் புத்தகத்தையும் பார்க்கிற ஒரு பக்கம். 'முகம்' மூலச்சொல்லுக்குச் சரியாகப் பொருந்துகிறது, ஆனால் இன்றைக்கு 'முகத் தேடல்' என்று எழுதினால் போலீஸ் கேமரா சமாச்சாரம் என்று நினைத்துவிடுவார்கள். வைரத்துக்குப் பட்டை தீட்டுவது என்று நம் நகைக்கடைகளில் ஏற்கெனவே சொல்கிறோமே! அதனால் தனியாக வரும்போது பட்டை. அடையாக வரும்போது, பழகிய சொல்லான 'பன்முக': பன்முகத் தேடல், பன்முக வகைப்பாடு. 'பட்டைப் பகுப்பாய்வு' என்று எழுதினால் மட்டும் லேசாகப் பிரியாணி வாசம் அடிக்கிறது, பொறுத்துக்கொள்ளலாம்.